கஞ்சி ஊற்றிய பாட்டனார்

பனியனுக்குக் குறைவில்லாத இந்தத் திருப்பூரில், மேடம், பாட்டனாருக்குத்தான் தட்டுப்பாடு. மூன்று மாடி வீடு இருக்கும், வாசலில் கார் நிற்கும், வரவேற்பறையில் வெள்ளைக்காரனோடு கைகுலுக்கும் படம் தொங்கும். அதற்குப் பக்கத்தில் மாட்ட மீசை வைத்த கிழவர் ஒருவர் படம் இருக்காது. அப்பாவின் அப்பா படத்தை ரேஷன் கார்டிலிருந்து பெரிதாக்கி, கலர் போட்டு, தோளில் இல்லாத துண்டைப் போர்த்தி ஒப்பேற்றியிருப்பார்கள். அதற்கு மேலே போனால் ஒரே இருட்டு. அந்த இருட்டில் டார்ச் அடித்துப் பிழைப்பவன் நான்.

பெயர் பூபாலன், சொந்த ஊர் சேவூர். தொழில் என்ற இடத்தில் உங்கள் ஏட்டு ‘புரோக்கர்’ என்று எழுதப் போனார். ‘பூர்வீகம் தேடித் தருபவர்’ என்று மாற்றச் சொன்னேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் மனிதனுக்கு ஒரு கௌரவம் வேண்டாமா. நான் படித்தது வரலாறு. வரலாறு படித்தவனுக்கு இந்த ஊரில் லேபிள் அச்சடிக்கும் கடையில்தான் வேலை கிடைத்தது. என் முதல் எழுத்து ஜெர்மனிக்குப் போன பனியன்களின் கழுத்துப் பட்டையில் வெளிவந்தது: வெந்நீரில் துவைக்காதே, முறுக்கிப் பிழியாதே. இன்றுவரை நான் எழுதியதில் முழு உண்மை என்று சொல்லத்தக்க வாக்கியங்கள் அவைதான்.

உள்ளே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்களே, முனீஸ், அந்தப் பையனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அன்புசெல்வி விஷயத்தில் அவன்மேல் அவளுடைய அப்பா தங்கவேலு எழுதிக் கொடுத்திருப்பது எதுவும் அவன் செய்ததல்ல. நான் செய்தது. ஏன் செய்தேன் என்று வரிசையாகச் சொன்னால் நீங்களே தலையாட்டுவீர்கள். நான் கெட்டவனில்லை மேடம். கோழிக்கடையில்கூட அந்தப் பக்கம் திரும்பி நின்றுதான் கறி வாங்குவேன்.

என்னிடம் வருகிறவர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருத்தருக்கும் ஆடு மேய்த்த பாட்டன் வேண்டாம். நான் எழுதிக் கொடுத்த வரலாறுகளின்படி, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கொங்கு நாட்டில் ஆடு மேய்க்க ஆளே இல்லை, எல்லோரும் குதிரைமேல்தான் போயிருக்கிறார்கள். அத்தனை குதிரைக்கும் கொள்ளு விளைவித்தவன் எவன் என்று எனக்கே சந்தேகம் வரும். அவனுடைய பேரன் இன்னும் என்னிடம் வரவில்லை.

தங்கவேலுவும் அப்படித்தான் வந்தார். அவருடைய நிட்டிங் கம்பெனி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருத்தன் கம்பெனிக்கு ஒரு ‘ஸ்டோரி’ வேண்டும் என்று கேட்டானாம்.

“ஏப்பா பூபாலா, உங்க பாட்டன் பூட்டன் ஆருன்னு கேக்கறானுங்க. எங்கப்பன் மோட்டார் ரூம்ல கோணிப்பையப் போட்டுப் படுத்திருந்தாருன்னா சொல்ல முடியும்?”

“சொல்லலாமுங்க. ஆனாப் படம் எடுப்பா வராதுங்க.”

சிரித்தார். பணக்காரர்கள் என் நகைச்சுவைக்குச் சிரிப்பார்கள். அதையும் சேர்த்துத்தான் கூலி பேசியிருக்கிறோம் என்பது அவர்கள் எண்ணம்.

முதலில் நான் நேர்மையாகவே தேடினேன். கல்லூரியில் ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம் அது. சாமளாபுரத்தில் அவர்கள் குடும்பத்து வயசானவர்கள் வாயைக் கிளறினேன். மடத்துக்குளம் பக்கம் ஆற்றங்கரையில் அவர்களுடைய குலசாமி, ஒத்தப்பனைக் கருப்பராயன், அங்கே போய்ப் பூசாரியோடு பேசினேன். கிடைத்தது இவ்வளவுதான். தங்கவேலுவின் தாத்தாவுக்கு அப்பா பெயர் பொன்னுச்சாமி. தாது வருஷப் பஞ்சத்தில் தெற்கத்திக் கரிசல் காட்டிலிருந்து சோறு தேடி நடந்தே வந்தவர். வரும்போது ஊர்ச்சாமி கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்திருக்கிறார். முதலில் தண்ணீரைக் கண்ட ஆற்றங்கரையில் அந்த மண்ணைப் போட்டுச் சாமி வைத்தார். பிறகு வடக்கே நடந்து சாமளாபுரத்துக் கஞ்சித் தொட்டி வரிசையில் நின்றார். தொட்டிக்காரர் வீட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்ட வைத்துக்கொண்டார்கள். எந்த ஊரிலிருந்து வந்தார், கூடப் பிறந்தவர்கள் யார், எதுவும் யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. வேட்டியில் மண்ணோடு நடந்தவர். உண்மையைச் சொன்னால், நான் தேடிய பாட்டன்மாரில் கும்பிடத் தோன்றியது அவரை மட்டும்தான்.

தங்கவேலுவின் முகம் கறுத்துவிட்டது. “கஞ்சிக்கு நின்னவனா?” என்றார்.

சரி என்று மாற்றினேன். வரிசையில் நின்றவரைத் தூக்கி, வரிசைக்கு முன்னால், கையில் அகப்பையோடு நிற்க வைத்தேன். நாலடி தூரம்தான் நகர்த்தினேன். பஞ்சத்தில் ஊருக்கே கஞ்சி ஊற்றிய வள்ளல் பொன்னுச்சாமி என்று வழவழப்பான தாளில் புத்தகம் போட்டோம். கம்பெனி வரவேற்பில் இப்போதும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருத்தரும் பிரித்துப் பார்த்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒருநாள் தங்கவேலு என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரே மகள் அன்புசெல்வி அங்கேயே மெர்ச்சண்டைசிங் பார்த்துக்கொண்டிருந்தாள். செக்கிங் செக்‌ஷனில் இருந்த முனீஸோடு பழக்கமாம். பையன் கோவில்பட்டிப் பக்கம். அவன் அம்மா பாண்டியம்மாள் வேறொரு கம்பெனியில் தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறாள். சாதியில் வித்தியாசம் இல்லை மேடம், ஒரே சாதிதான். தட்டில்தான் வித்தியாசம்.

“பஞ்சம் பொழைக்க வந்தவன் ஊட்டுக்கு எம்புள்ளையக் குடுக்கறதாப்பா?” என்றார்.

அவருடைய பூட்டனார் எதற்கு வந்தார் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. மாற்றி எழுதிக் கொடுத்தவனே நான், என்ன முகத்தோடு கேட்பது?

தெரிந்த பையன்கள் சிலர் ‘நாங்க பாத்துக்கறோமுங்க’ என்று சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அது எப்படிப்பட்ட பார்ப்பு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த ஆட்களைக் கண்டாலே ஆகாது. கையில் கத்தி இருக்கும், தலையில் ஒன்றும் இருக்காது.

“எதுக்குங்க ரத்தமெல்லாம்? பங்காளியாக்கிட்டாப் போச்சுங்க” என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, “எப்படி?” என்றார்.

ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பெண் தங்கை முறை. கோயிலுக்குத் தலைக்கட்டு வரி கொடுத்து, பூசாரி அதைக் கையில் வாங்கித் திருநீறு கொடுத்துவிட்டால் முடிந்தது. உங்கள் கோர்ட்டில் அப்பீல் உண்டு, இதற்குக் கிடையாது. முனீஸ் குடும்பத்துக்குத்தான் குலசாமியே தெரியாது என்பது கம்பெனிக்கே தெரிந்த சங்கதி. பொன்னுச்சாமிக்கோ சொந்த ஊர் தெரியாது. ஒரு பக்கம் ஓட்டை, மறுபக்கம் ஒட்டுத் துணி. தைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

பாண்டியம்மாள் இருந்தது ஒரு லைன் வீட்டில். போய் உட்கார்ந்ததும் எனக்குச் சிரமமே வைக்கவில்லை, அந்தம்மாளே ஆரம்பித்தாள்.

“குலசாமி தெரியாத குடும்பம்யா இது. எங்க மாமனாரு சின்ன வயசுலயே சட்டி பானையத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராத் திரிஞ்சவரு. எந்தச் சாமின்னு வாயத் தெறக்காமலே போய்ச் சேந்துட்டாரு. எம் புருசன் பாதியில போனதும் அதனாலதான். பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் காச்சின்னா மொதப் பத்திரிகைய எந்தச் சாமி காலடியில வைக்கிறது, சொல்லுங்க.”

சொன்னேன். பிடிமண் எடுத்துக்கொண்டு போனவர் பொன்னுச்சாமி, ஊரிலேயே நின்றுவிட்டவர் அவர் தம்பி இசக்கிமுத்து, அந்த இசக்கிமுத்துவின் பேரன்தான் உங்கள் மாமனார் என்றேன். இசக்கிமுத்துவை நான் பஸ்ஸில் வரும்போது உண்டாக்கியிருந்தேன். பல்லடம் தாண்டும்போது அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

“அப்பவே நெனச்சேன்யா” என்றாள் பாண்டியம்மாள். “எங்க மாமனாருக்குக் காது அம்புட்டுப் பெருசு. பெரிய குடும்பத்து ஆளுகளுக்குத்தான் அப்படி இருக்கும்.”

பாதிப் பூர்வீகத்தை வருகிறவர்களே கொடுத்துவிடுவார்கள், மீதியைத்தான் நாம் போட வேண்டும்.

“சாமிக்குக் கெடாயா, பொங்கலா?”

“ரெண்டும்தானுங்கம்மா.”

“சந்தோசமாச் செய்யிறேன்யா. கையேந்தாத கொறையா எத்தனை கோயில் வாசல்ல நின்னுருப்பேன், எஞ்சாமி எங்கனு கேட்டு.” பிறகு என்னை உற்றுப் பார்த்து, “நீங்க நல்லா இருப்பீக” என்றாள்.

அவளிடம் நான் கூலி வாங்கவில்லை. ஒரு பொட்டலம் சேவு கொடுத்தாள், காரச் சேவு, அதை மட்டும் வாங்கிக்கொண்டேன். ஏழைகளிடம் எனக்கு எப்போதும் இளகின மனசு.

வெறும் வாய்ப்பேச்சு போதாது என்று ஒரு வெண்கல மணி வார்க்கச் சொன்னேன். ‘அண்ணன் பொன்னுச்சாமி தம்பி இசக்கிமுத்து உபயம்’ என்று பழைய எழுத்தில் பொறித்தது. சாயப்பட்டறையில் கேட்டு வாங்கிய ஆசிட்டில் முக்கி, உப்பைத் தடவி, எருக்குழியில் புதைத்து எடுத்தால் நூற்றைம்பது வருஷம் ஒரே மாதத்தில் ஓடிவிடுகிறது. கோயிலுக்குப் பின்னால் புதரில் போட்டு, பூசாரியையே கண்டெடுக்க வைத்தேன். பாவம், தனக்குச் சாமி காட்டியது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மணி கிடைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோயிலுக்கு வந்தார்கள். பாண்டியம்மாள் புதுச்சேலை கட்டியிருந்தாள். முனீஸ் கிடாயைப் பிடித்துக்கொண்டு வந்தான். தங்கவேலு குடும்பத்தை அங்கே கண்டதும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். அன்புசெல்வியும் அவனைப் பார்த்துத் தலையைக் குனிந்து சிரித்தாள். இரண்டு குடும்பமும் ஒரே இடத்துக்கு வந்திருக்கிறதே, சாமியே சேர்த்து வைக்கிறது என்று நினைத்திருப்பார்கள். காதலிக்கிறவர்களுக்கு எல்லாம் சகுனமாகத்தான் தெரியும்.

பூசாரி மணியில் பொறித்திருந்ததை வாசித்தார். பாண்டியம்மாளிடம் வரி வாங்கினார், திருநீறு கொடுத்தார். தங்கவேலு முன்னால் வந்து, “வாங்க பங்காளி” என்று முனீஸின் தோளில் கை போட்டார். மருமகனாக வாசல்படி ஏறவிடாதவர், பங்காளியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த மனிதரைப் போல ஒரு நடிகரை நான் பார்த்ததில்லை.

முனீஸ் மட்டும், “இது யாரோ செட்டப் பண்ணது” என்று கத்தினான். கெட்டிக்காரப் பையன். செக்கிங் செக்‌ஷனில் இருந்தவன், பிசிறு கண்ணில் பட்டுவிட்டது. பாண்டியம்மாள் எல்லோர் முன்னாலும் அவனை அறைந்தாள்.

“சாமி முன்னால நின்னு என்ன பேச்சுடா பேசுற? ஒந் தங்கச்சி நின்னு பாக்குதுடா!”

அவளுக்கு இவர்கள் பழக்கம் அதுவரை தெரியாது. மகன் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அன்புசெல்வி எந்தப் பக்கம் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் தேங்காய் மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கத்தி எடுக்கவில்லை, ஒரு வெட்டு விழவில்லை. இரண்டு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன். இங்கே நிறுத்திக்கொண்டால், மேடம், நான் செய்தது ஒரு நல்ல காரியம்தான்.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் அன்புசெல்வி என் அறைக்கு வந்தாள். லேபிள் கடைக்கு மேல் மாடி, படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன்.

“பூபாலண்ணா, ஒண்ணு கேக்கோணுமுங்க. நெசத்தச் சொல்லுங்க.”

“கேளு அம்மிணி.”

“அந்த மணி, அந்த இசக்கிமுத்து, அதெல்லாம் நெசமுங்களா?”

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். போன வருஷமே இரண்டு பேரும் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டார்களாம். “இப்ப மூணு மாசமுங்க” என்று வயிற்றில் கை வைத்தாள். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை என்றாள். முனீஸ் ‘எல்லாம் பொய், வா போயிடலாம்’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறானாம். நீங்கள் பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே கிளம்பிவிடுவேன், நிஜம் என்றால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டாள்.

தெரியும் மேடம். அந்த இடத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். அதை நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஏனம்மிணி, உனக்கே சந்தேகமா?” என்றுதான் வந்தது.

“அப்பன் சொன்னா நம்பமாட்டனுங்க. ஆனா நீங்க எழுதுன புத்தகத்த முச்சூடும் படிச்சனுங்க. மண்ண வேட்டியில முடிஞ்சுட்டு நடந்து வந்தாருன்னு எழுதியிருந்தீங்களே, அந்த எடத்துல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. பொய்யின்னா அப்படி எழுத முடியாதுங்கண்ணா.”

அந்தப் புத்தகத்தை ஒருத்தி படித்திருக்கிறாள். வரவேற்பறையில் டீ கிளாஸுக்கு அடியில் வைக்கிற புத்தகத்தை. நான் மாற்றாமல் விட்ட ஒரே இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அழுதிருக்கிறாள். என் நிலைமையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

“நெசந்தான் அம்மிணி” என்றேன்.

டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தாள். பிறகு, “நம்ம குடும்பத்துல முன்னாடி இப்படித் தெரியாம ஆயிப்போனவங்க ஆராச்சும் இருந்தாங்களாண்ணா? அவங்க என்ன பண்ணுனாங்க?” என்றாள்.

பாட்டன்மாரைப் பற்றி என்னிடம் யாரும் கேள்வி கேட்டதே கிடையாது. படம் எப்படி வரும், அட்டை வழவழப்பாக இருக்குமா என்றுதான் கேட்பார்கள். அவங்க என்ன பண்ணுனாங்க என்று கேட்டவள் இவள் ஒருத்தி. வெறுங்கையோடு அனுப்ப முடியுமா?

வெள்ளையம்மாளை அந்த நிமிஷம் உண்டாக்கினேன். பொன்னுச்சாமியின் மகள். பங்காளி என்று தெரியாமல் ஒருவனோடு பழகி, தெரிந்த அன்றைக்கு யாரையும் நோகாமல், யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல், தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, விடியக்காலையில் ஆற்றுக்குப் போனவள். ஆறு அவளை வாங்கிக்கொண்டது. அந்த வருஷம் மழை பெய்தது. குடும்பத்துக்கு வந்த பழி அவளோடு போயிற்று, இன்றைக்கும் நம் வீட்டுப் பெண்களை அவள்தான் காக்கிறாள் என்றேன். நன்றாக வந்தது. எழுதியிருந்தால்கூட அவ்வளவு நன்றாக வந்திருக்காது.

“அவங்களுக்கு என்ன வயசுங்கண்ணா?”

“உன்ற வயசுதான் அம்மிணி.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டம்ளரைக் கழுவி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். “வர்றேனுங்கண்ணா” என்று படியிறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் வாய்க்காலில் அவளை எடுத்தீர்கள். மஞ்சள் சேலை கட்டியிருந்தாள் என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. வாய்க்காலுக்குப் போ என்று நான் சொல்லவில்லை மேடம். வெள்ளையம்மாள் போனது ஆற்றுக்கு.

எழுதிக்கொள்ளுங்கள். இசக்கிமுத்து என்று ஒருவர் கிடையாது. வெள்ளையம்மாள் கிடையாது. மணி நான் செய்வித்தது. முனீஸும் அன்புசெல்வியும் எந்த வகையிலும் அண்ணன் தங்கை இல்லை, புருஷன் பெண்டாட்டிதான். தங்கவேலு கேட்டது பிரித்து வைக்க மட்டும், மற்றது என் கைச்சரக்கு. மகளுக்குக் கோயில் பக்கத்தில் ஒரு கல் நடப் போகிறாராம். அதில் என்ன பொறிப்பது என்று முந்தாநாள் என்னைத்தான் கேட்டார். இரண்டு வரி யோசித்தும் வைத்திருக்கிறேன். இங்கே வந்தது எதற்கும் பயந்து அல்ல. முனீஸின் மிரட்டலால் செத்தாள் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதைக் கேள்விப்பட்டேன். அந்தப் பையனுக்கு மிரட்டத் தெரியாது. அவளைப் போன்ற படித்த பெண்ணை அசைக்க அவனிடம் என்ன இருக்கிறது?

பாண்டியம்மாளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இத்தனை வருஷம் கழித்து ஒரு சாமி கிடைத்திருக்கிறது, அமாவாசைக்கு அமாவாசை போய் விளக்குப் போடுகிறாள். மகன் வெளியே வர வேண்டும் என்று அங்கேதான் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

நடுவில் ஒரு வார்த்தை, ‘சும்மா சொன்னேன் அம்மிணி’ என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் கன்னத்தில் கை வைத்து, கண் நிறைய, அவ்வளவு ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் மேடம். பாதியில் நிறுத்தி அவளை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.